மீட்பு வள்ளம்

வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் ஓலைமுனை ஆட்கள் தென்கடலைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். பார்த்தும் பிரயோசனம் இல்லை. கரையில் நின்று கதைத்தால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காத இரைச்சல். வலை, வள்ளம், எஞ்சின், சமையல் சட்டி எல்லாவற்றையும் ட்ராக்டர் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு மன்னார்த் தீவின் மற்றப் பக்கத்துக்கு, வடகரைக்குப் போய்விடுவார்கள். பனங்கூடலுக்குள்ளால் இரண்டு மைல். நடுவழியில் கழுதைகள் விலகாமல் நிற்கும். யாராவது இறங்கிப்போய்த் தள்ளவேண்டும். புரட்டாசி முடியும்வரை சீவியம் அங்கேதான்.

அந்த வரிசையில் கடைசியாகப் போவது பாய்ப்படகுக் கழகத்தின் ஏழு படகுகள். சண்டை முடிந்து சில வருசங்களுக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போனவை. ஒற்றைப் பாய், ஒரு ஆள் இருந்து ஓட்டுகிற சின்னப் படகுகள். மீன்பிடிக்க உதவாத இந்தச் சாமான் எதற்கு என்று ஊர் முதலில் சிரித்தது. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் செபமாலை மாஸ்டர்தான் விடாமல் நின்று, கொட்டில் போட்டு, கழகம் என்று பதிந்து, பொடியன்களையும் பெட்டைகளையும் அதில் ஏற்றினார். இப்போது ஆனி மாதத்தில் கொழும்பிலிருந்து மாணவர்கள் வந்து ஒரு கிழமை தங்கிப் பழகிவிட்டுப் போகிறார்கள். ஆடியில் அன்னம்மாள் திருவிழாவுக்கு அடுத்த நாள் போட்டி. மாரியில் வாடையும் மழையும் அடிக்கும்போது படகுகள் பனைகளுக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கும். தை பிறக்க மறுபடி தென்கரைக்கு வந்துவிடும்.

கழகத்தின் மீட்பு வள்ளத்தை ஓட்டியவன் ரொபின்சன். நாற்பத்தொரு வயது, அதிகம் பேசாதவன். கடற்படை நடத்திய உயிர்காப்புப் பயிற்சியில் அத்தாட்சிப் பத்திரம் எடுத்தவன் ஊரில் அவன் ஒருவன்தான். சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று என்பதால் வடகரை ஓரத்தில் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலக் கிடக்கும். பார்க்கிறவர்களுக்குப் பயம் வராது. ஆனால் கவிழ்ந்த படகையோ ஆளையோ அந்தக் காற்று வெளியே தள்ளிக்கொண்டே போகும். தானாகக் கரைக்குத் திரும்பாது. அதனால் பாய்கள் கடலில் நிற்கும்வரை ரொபின்சன் எஞ்சினை நிற்பாட்ட மாட்டான். குடிப்பதற்குக்கூடக் கரைக்கு வரமாட்டான். அவனுடைய மனைவி யசிந்தா முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிப் பால் விடாத பிளேன்டீப் போத்தலை நீட்டுவாள்.

யசிந்தா கழகக் கொட்டிலில் சமைத்தாள். காலையில் புட்டும் சம்பலும், மத்தியானம் நண்டுக் குழம்பு அல்லது திருக்கை வறை. கொழும்புப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி இரண்டாம் தரம் கேட்பார்கள். யசிந்தாவுக்கும் ரொபின்சனுக்கும் பிள்ளை இல்லை. யசிந்தாவின் தாய் ஷெல் அடியில் செத்தபோது அவளுடைய தம்பி நிறோஜனுக்கு ஒன்பது வயது. கலியாணம் முடித்து மூன்று மாதமாகியிருந்த யசிந்தா அவனைத் தன்னோடு கூட்டிவந்தாள். பிறகு அவன் தகப்பன் தோமஸின் வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கையெழுத்து வைத்ததெல்லாம் ரொபின்சன்தான். ஊரார் அவனை “ரொபின்சன்ர பொடியன்” என்றே சொன்னார்கள். இருபத்துநாலு வயதில் அவன் கழகத்தின் முதல் ஓட்டக்காரன். மூன்று வருசமாகப் போட்டியில் வென்றவன்.

போன வருசத் திருவிழாவுக்கு மாஸ்டர் பெரிய ஏற்பாடு செய்திருந்தார். கழகத்துக்குப் புதுப் படகுகள் தரக்கூடிய ஆட்கள் என்று கொழும்பிலிருந்து எட்டுப் பேரை அழைத்தார். கரையில் கொடி கட்டி, பந்தல் போட்டு, கதிரைகளுக்கு வெள்ளைத் துணி சுற்றினார்கள். அன்றைக்குப் போட்டியில் ஓட ஒரு கொழும்புப் பெட்டையும் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டு கிழமை பழகியவள், நீந்தத் தெரியாது. போட்டி தொடங்க அரை மணித்தியாலம் இருக்கையில் அவளுடைய மிதவைச் சட்டையின் கொளுவி உடைந்து, வார் மாட்ட முடியாமல் போனது. ஊரில் எல்லாரும் அதை ஜக்கெற் என்றுதான் சொல்வார்கள். வேறு ஜக்கெற் இல்லை. மாஸ்டர் ரொபின்சனை ஓரமாகக் கூப்பிட்டு, நன்றாக நீந்தக்கூடிய ஒருவனிடம் வாங்கிக் கொடுக்கும்படி சொன்னார். விருந்தினர்கள் வந்துவிட்டார்கள், போட்டியைப் பிந்த விட முடியாது என்றார்.

ரொபின்சன் வரிசையில் நின்ற மற்ற ஆறு பேரையும் பார்த்தான். நிறோஜனைத் தவிர எல்லாரும் மற்றவர்களின் பிள்ளைகள். அவர்களிடம் அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நிறோஜனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

“உன்ர ஜக்கெற்றைக் கழட்டி அந்தப் பிள்ளைக்குக் குடு. உனக்கு நீந்தத் தெரியும்தானே.”

நிறோஜன் ஏன் என்று கேட்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு, பெட்டைக்கு வார் இறுக்கவும் காட்டிக் கொடுத்தான்.

வழமையாக இரண்டு வள்ளங்கள் காவல் நிற்கும். அன்றைக்கு இரண்டாவது வள்ளத்தில் விருந்தினர்களையும் படம் பிடிக்கிறவனையும் ஏற்றி, தொடக்கக் கோட்டுக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரொபின்சன் தனியே நின்றான். பதினொரு மணி தாண்ட, பனைகள் ஒரு பக்கமாகச் சரிந்ததை அவன் கண்டான். காற்று தண்ணீரில் இறங்கியபோது மூன்று பாய்கள் ஒன்றாய் விழுந்தன. ஒன்று உடனே நிமிர்ந்தது. மற்ற இரண்டில் கிட்ட இருந்தது நிறோஜனுடையது. தூரத்தில், வேகமாக வெளியே இழுபட்டுக்கொண்டிருந்தது அந்தப் பெட்டையுடையது. அவள் கத்துவது கேட்டது.

ரொபின்சன் வள்ளத்தை அவள் பக்கம் திருப்பினான். நீந்தத் தெரியாதவரிடம் முதலில் போ என்பதுதான் பயிற்சியில் சொல்லித் தந்தது. அவளைப் பிடித்து ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்க, நிறோஜனின் படகு அடிப்பக்கம் மேலே தெரிய மிதந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. பாய் திரும்புகிறபோது அதன் கீழ்க்கட்டை தலையில் அடித்திருக்கவேண்டும் என்று பிறகு சொன்னார்கள். ரொபின்சன் பதினைந்து தரம் குதித்திருப்பான். அந்தக் கொழும்புப் பெட்டை வள்ளத்தில் குந்தி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் மூன்று மணிபோல எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த நஸார் என்கிறவர், நண்டு வலை இழுக்கப் போன இடத்தில் அவனைக் கண்டு, தன்னுடைய வள்ளத்தில் கொண்டுவந்தார். தான் உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்துப் பொடியனை மூடியிருந்தார். அரைக் காற்சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கி நின்று, யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். யசிந்தா முன்னுக்கு வந்தாள்.

கொழும்புப் பெட்டையை அன்றிரவே ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மரண விசாரணை அடுத்த நாளே முடிந்தது. நீரில் மூழ்கிய சாவு. ஆனால் கழகம் தொடர்ந்து நடக்கலாமா என்பதைத் தீர்மானிக்க ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று கிழமைக்குள் எல்லாரும் மாவட்ட அரச அலுவலகமான மன்னார்க் கச்சேரிக்குப் போய்ச் சாட்சி சொல்லவேண்டும்.

எட்டாம் நாள் பூசை முடிந்த பின் மாஸ்டரும் தோமஸும் ரொபின்சனின் வீட்டுக்கு வந்தார்கள். யசிந்தா கோயிலுக்கு வந்த பெண்களோடு சேமக்காலைக்குத் தம்பியின் கல்லறை பார்க்கப் போயிருந்தாள். தோமஸ் கழகத்தின் உபதலைவர். கொட்டிலுக்கு முதல் மரம் தறித்துக் கொடுத்தவர். மகன் செத்த பிறகு சவரம் செய்யாததால் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. மாஸ்டர் தட்டச்சு செய்த ஒரு தாளை மேசையில் வைத்தார். போட்டி தொடங்குமுன் எல்லாருக்கும் ஜக்கெற் கொடுக்கப்பட்டது, இறந்தவர் தன்னுடையதைத் தன் விருப்பப்படி கழற்றிவிட்டுப் போனார், தான் அதைக் கண்டதில்லை என்று ரொபின்சன் சொல்வதுபோல அதில் எழுதியிருந்தது.

தான் சொல்லித்தான் அவன் கழற்றினான் என்று ரொபின்சன் சொன்னான். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, அது தனக்கும் தெரியும், தெரிந்துதான் இப்படி எழுதியது என்றார். இது கழகத்தை மட்டுமல்ல, உன்னையும் காப்பாற்றுகிற கடிதம் என்றார்.

ரொபின்சன் மாமனைப் பார்த்தான். “மாமா, உங்கட மகன் சொல் வழி கேளாதவன் எண்டோ இதில எழுதிக்கிடக்குது?”

“அவன் செத்துப்போனான். அவனுக்கு இனி என்ன பேர் வந்தா என்ன?” என்றார் தோமஸ். “கழகத்தை மூடினா மிச்சப் பொடியள் என்ன செய்வாங்கள் எண்டு உனக்குத் தெரியாதோ? அக்கரையால வாற கஞ்சாப் பொட்டலத்தை ஏத்தி இறக்கத்தான் போவாங்கள். நாலு வருசமா ஒருத்தன் போகேல்லை. என்ர ஒரு பிள்ளையோட போகட்டும். கையெழுத்தை வை.”

இதைச் சொல்லும்போது அவருடைய கை மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது. ரொபின்சன் யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவைத்தான்.

பிறகு வந்த நாட்களில் யசிந்தாவிடம் சொல்லவேண்டும் என்று அவன் பல தரம் நினைத்தான். அவள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி ஏன் ஜக்கெற் போடவில்லை, எப்போதும் போடுகிறவனல்லவா, காலையில் புட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டதற்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்லாமல் ஓடினானே, ஏதும் மனக்குழப்பமோ என்றெல்லாம் கேட்டாள். கழகக்காரர் எதையோ மறைக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டிருந்தது. ரொபின்சனின் முதுகுக்குப் பின்னால் கதைக்கிறவர்களோடு அவனுக்காகச் சண்டை பிடித்தாள். தன் புருசன் பொய் சொல்லமாட்டான் என்று குழாயடியில் நின்று சொன்னாள். அவன் ஒவ்வொரு தரமும் வாயைத் திறந்துவிட்டு, தண்ணி கொண்டுவா என்றோ வெயில் ஏறுகிறது என்றோ சொல்லி மூடினான்.

விசாரணை நாளில் இரண்டு பேரும் பஸ்ஸில் ஒன்றாகத்தான் போனார்கள். அவள் கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். வழியில் அவனுடைய கையைப் பிடித்து, பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கோ என்றாள்.

கச்சேரியின் நீளமான அறையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் முதலில் சொன்னார். பிறகு தோமஸ் எழும்பி, தன் மகன் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் துணிச்சல்காரன் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இருந்தார். ரொபின்சனின் முறை வந்தது. தட்டச்சுத் தாளைக் குழுத் தலைவர் வாசித்து, இது சரிதானே என்று கேட்டார்.

“இல்லை ஐயா,” என்றான் ரொபின்சன். “ஜக்கெற் காணாது. மாஸ்டர் வாங்கிக் குடு எண்டு சொன்னவர். நான்தான் அவனிட்டக் கேட்டனான். நான்தான் கழட்டிக் குடு எண்டனான். மற்ற வள்ளம் விருந்தாளியளை ஏத்திக்கொண்டு போட்டுது. நான் தனிய நிண்டன்.”

குழுத் தலைவர், அவனிடம் ஏன் கேட்டீர் என்று விசாரித்தார்.

“அவன் எங்கட பிள்ளை. அதாலதான்.”

பின்வாங்கில் யசிந்தா இருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

வரும்போது பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில், யன்னலோரம் இருந்தாள். ஓலைமுனைச் சந்தியில் இறங்கி, பனங்கூடலுக்குள்ளால் நடக்கிறபோதுதான் நின்றாள். காற்று அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தது.

“பெரிய ஆக்களுக்கெல்லாம் சொல்லிப்போட்டியள்,” என்றாள். “எனக்கு முதல் சொல்லியிருக்கலாம். மூண்டு கிழமை ஒரே பாயில படுத்தனாங்கள்.”

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான்.

கழகம் மூடப்பட்டது. ஏழு படகுகளும் வடகரைப் பனைகளின் கீழே கவிழ்க்கப்பட்டன. மறு தீர்மானம் வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று கடிதம் வந்தது. கொழும்பு ஆட்கள் வரவில்லை. புதுப் படகுப் பேச்சும் போனது. ஊர் ரொபின்சனைத் திட்டவில்லை, அடிக்கவும் வரவில்லை. அவனுடைய மீன்பிடி வள்ளம் கரைக்கு வரும்போது இழுக்கக் கை போடாமல் இருந்தது. எஞ்சினோடு ஒரு வள்ளத்தைக் கரையேற்ற ஆறு பேராவது வேண்டும். அந்த நேரம் பார்த்து எல்லாருக்கும் வலையில் சிக்கெடுக்க இருந்தது. முதல் நாள் அவன் ஒரு மணித்தியாலம் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்றாம் நாள் தொழிலுக்குப் போவதை விட்டான்.

நஸார்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நண்டு வலையில் கை உதவி வேண்டியிருக்கிறது, வரமுடியுமா என்று கேட்டிருந்தார். ரொபின்சன் அங்கே போய் வலையிலிருந்து நண்டு கழற்றினான். விரலெல்லாம் வெட்டுக் காயம். ஊரில் நடந்ததைப் பற்றி நஸார் ஒரு நாளும் கேட்டதில்லை. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில், குடும்பத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறி, புத்தளத்தில் இருபது வருசம் கிடந்து திரும்பியவர் அவர். இந்த ஊர்களில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மத்தியானத்தில் யசிந்தா வெயிலில் நடந்து சோறு கொண்டுவருவாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை தள்ளி நின்றுவிட்டு, வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போவாள். அவளை நடக்கவேண்டாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. இதுவாவது இருக்கிறதே என்று அவன் எண்ணிக்கொண்டான்.

ஐப்பசியில் தோமஸ் சொன்னது நடந்தது. கழகத்தில் ஓடிய பொடியன்கள் இரண்டு பேரைக் கஞ்சாப் பொட்டலங்களோடு நேவி கடலில் வைத்துப் பிடித்தது. அவர்களை மறியலில் அடைத்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பொடியன்களில் ஒருவனின் தாய் திரேசம்மா, யசிந்தாவின் முன்னால் வந்து நின்றாள்.

“உன்ர புருசன் உண்மை சொல்லிப்போட்டார். நல்லது. என்ர பிள்ளை மறியல்ல கிடக்கிறான்.”

யசிந்தா வீட்டுக்கு வந்து, ரொபின்சனிடம் அந்தச் சொற்களை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு, அரிசி களைய உட்கார்ந்தாள். தோமஸ் மகளின் வீட்டுப் பக்கம் வருவதேயில்லை. மாரி முழுக்க அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. உப்பு இருக்கா, கதவைச் சாத்து, சாப்பாடு ஆறுது. இவ்வளவுதான் அவர்கள் பேசியது.

இந்த வருசம் வைகாசி முதல் கிழமை செபமாலை மாஸ்டர் வந்தார். மெலிந்திருந்தார். கதிரையில் இருந்து, கையில் வைத்திருந்த கடிதத்தை விரித்தார். கழகத்தைத் திறக்கலாம் என்று தீர்மானம் வந்திருந்தது. எல்லாருக்கும் ஜக்கெற், எந்த நேரமும் இரண்டு மீட்பு வள்ளம், அவற்றுக்குப் பொறுப்பாக அத்தாட்சிப் பத்திரம் பெற்ற ஒருவர் என்று நிபந்தனைகள். ஊரில் பத்திரம் பெற்றவர் யார் என்று அவர் சொல்லவில்லை. நடந்தது நடந்துபோய்விட்டது என்றார். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயில் வரவில்லை. ரொபின்சனும் அதை எதிர்பார்க்கவில்லை.

“நான் வரேல்லை மாஸ்டர்,” என்றான்.

குசினிக் கதவடியில் யசிந்தா நின்றாள். தேநீர்க் கோப்பையை மாஸ்டருக்கு முன்னால் வைத்தாள்.

“அவர் வருவார்,” என்றாள்.

மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யசிந்தா ரொபின்சனின் பக்கம் திரும்பினாள். ஒன்பது மாதத்தில் முதல் தரம் அவனுடைய முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். “போங்கோ. நீங்கள் நிண்டா ஒரு பிள்ளைக்கும் ஒண்டும் வராது. அது எனக்குத் தெரியும்.”

மாஸ்டர் போன பிறகு ரொபின்சன் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதான். ஆள் இல்லாத இடம் தேடி அழுதான் என்றாலும், துக்கத்தால் அல்ல. அவள் தன்னை மன்னித்துவிட்டாள் என்று அவனுக்குப் பட்டது. அடுத்த நாள் நஸாரிடம் போய்ச் சொன்னான். நஸார் நல்லது, போங்கோ தம்பி என்று தோளில் தட்டினார்.

படகுகளை நிமிர்த்திக் கழுவி, பாய்களை வெயிலில் விரித்து, கயிறு மாற்ற ஒரு கிழமை எடுத்தது. ஊர்ப் பொடியன்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். திரேசம்மாவின் இளைய மகள் தர்ஷிகாவும் பெயர் பதிய வந்தாள். ரொபின்சன் ஒவ்வொரு ஜக்கெற்றின் கொளுவியையும் தானே இழுத்துப் பார்த்தான். திறந்த முதல் நாள் ஏழு பிள்ளைகள் கடலில் இறங்கினார்கள். அவன் காலை எட்டு மணியிலிருந்து இரண்டரை மணிவரை வள்ளத்தை விட்டு இறங்கவில்லை. காற்று எழும்புவதற்கு முன்பே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கரைக்கு விரட்டினான். வள்ளம் கரைக்கு வந்தபோது எட்டுப் பத்துப் பேர் கை போட்டு இழுத்தார்கள். அவன் ஒருவரையும் பார்க்கவில்லை. ஆனாலும் நெஞ்சு லேசாகியிருந்தது. வரும் வழியில் யசிந்தாவுக்குப் பிடித்த விளைமீன் இரண்டு வாங்கினான்.

வீட்டில் அவள் கோயிலுக்குப் போகிற சேலையோடு முற்றத்தில் நின்றாள். கதிரையில் ஒரு பயணப்பை இருந்தது. றோட்டில் ஆட்டோ நின்றது.

“எங்க போறாய்?”

“அப்பாவிட்ட.”

“பின்னேரம் வந்திருவியோ?”

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டம். பிறகு, கோபம் இல்லாத குரலில், ஒரு கணக்கை விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னாள்.

“கச்சேரியால வந்த அண்டைக்கே போயிருப்பன். உங்களைத் தனிய விட்டா ஏதும் செய்துபோடுவியள் எண்டு பயம். ஒரு சாவை எடுத்திட்டன், இன்னொண்டை எடுக்க என்னால ஏலாது. அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் இருந்தனான். இனி உங்களுக்கு வேலை இருக்கு. உங்களை நம்பிப் பிள்ளையள் கடலுக்கை நிக்கும். நீங்கள் அதுகளை விட்டிட்டு எங்கையும் போகமாட்டியள்.”

“யசிந்தா...”

“உங்களிலை எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் கேட்டிருக்காட்டி அவன் இருந்திருப்பான். அவ்வளவுதான். அதைத் தெரிஞ்சுகொண்டு உங்களுக்குச் சோறு போட எனக்கு ஏலாமக் கிடக்குது.”

அவள் பையை எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து போனாள். சேலை அவனுடைய கையில் பட்டது. ஆட்டோ வளைவில் திரும்பும்வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு உள்ளே போய் மீனைச் செதிள் எடுத்து, கழுவி, உப்புப் போட்டு வைத்தான். அதைச் சமைக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அவன் வடகரையில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ஏழு பேரும் வந்துவிட்டார்கள்.